வடிவறிந்து பற்றும் உலோகங்கள்



மும்பை மாநகரத்தின் செம்பூர்ப் பகுதியில் திலக் நகர் என்னும் குடியிருப்பு இருக்கிறது. துறைமுக இரயில் பாதையில் குர்லாவுக்கு அடுத்த நிலையம் அது. தென்னாட்டிலிருந்து வரும் வண்டிகள் பல வந்து நிற்கும் லோகமான்ய திலகர் முனையமும் அதன் அருகிலேயே உள்ளது. ஆதலின், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவது வழக்கமான செய்தி. வேலை தேடி வருவோர் உண்டு. திருமணத்திற்கு வருவோர் உண்டு. பண்டரிபுரம் செல்லும் வழியில் ஒரு நாள் தங்கிச் செல்வோரும் உண்டு. இவர்களோடு, கையில் மருத்துவக் குறிப்புகள் அடங்கிய பையும் நெஞ்சில் அச்சமும் சுமந்து வருவோரும் உண்டு. பரேல் பகுதியில் 1941ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனை, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாடெங்கும் பெயர் பெற்றது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்திற்கும் அவ்வாறு ஒருவர் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சித்தப்பா அவர். வாயில் ஒரு கட்டி. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் ஒருங்கே அளிக்கப்பட்டன. மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். அதை நரம்பில் ஏற்றும் நாளில், சிறுநீரகத்தைக் காக்கும் பொருட்டு உப்பு நீரையும் புட்டி புட்டியாக ஏற்றுவார்கள். வீடு திரும்பிய மறுநாள் உண்டதெல்லாம் வெளியே வந்துவிடும். சில வாரங்களில் காதுக்குள் ஓயாத இரைச்சல் தொடங்கிற்று. ஒரு மாலை, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவர் நம்மைப் பார்த்து, "தம்பி, கட்டி வாயிலே இருக்கிறது. இந்த மருந்துக்கு என் வயிற்றோடும் காதோடும் என்ன பகை?" என்று கேட்டார்.

கேள்வி எளியது. ஆனால் அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் அறிந்தவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டபோது, இரசாயன விஞ்ஞானிகள் பலர் பல்லாண்டுகளாக விடை தேடி வரும் கேள்வியே அது என்பது விளங்கிற்று. பகைவன் யார், அயலான் யார் என்று பிரித்தறிந்து பற்றும் மருந்தை ஆக்க இயலுமா? இத்தேடலில் புதிதாகத் தோன்றியுள்ள ஒரு வழியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றோம்.

முதலில் மருந்து பற்றும் பொருளைப் பார்ப்போம். உட்கரு உடைய ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை இருக்கிறது. ஓர் உயிரணுவில் உள்ள இழைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதானும் இல்லை. 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர், ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடு, இவ்விழையின் அமைப்பைக் கண்டு உரைத்தனர். நம் ஊர்களில் தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பவர் இரு புரிகளை ஒன்றோடொன்று முறுக்குவாரல்லவா? டி.என்.ஏ.யும் அவ்வாறே இரு புரிகள் முறுக்கிய கயிறு. அம்முறுக்கு வலம்புரியாக அமைந்தது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு மூலங்கள் அப்புரிகளில் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. அடினைன் எதிர்ப்புரியின் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் கைகோத்து நிற்கும். உயிரணு பிளந்து இரண்டாகும் முன், இந்தக் கயிறு முழுவதும் அவிழ்ந்து படியெடுக்கப்பட வேண்டும். புற்றுநோய் என்பது உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். படியெடுப்பைத் தடுத்துவிட்டால் பெருக்கமும் நிற்கும்.

இனி உலோகத்திற்கு வருவோம். லோகமான்ய திலகர் பிள்ளையார் சதுர்த்தியை மராட்டிய மண்ணில் பொதுமக்கள் விழாவாக்கிய ஆண்டு 1893. திலகர் பெயரைத் தாங்கிய நகரில் வாழ்வோருக்கு அது நினைவில் நிற்கும் ஆண்டு. அதே ஆண்டில், சூரிச் நகரில் ஆல்பிரட் வெர்னர் என்னும் 26 வயது இளைஞர் இரசாயனத்தில் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டார். உலோக அணு ஒன்று நடுவில் இருக்க, அம்மோனியா, குளோரின் போன்றவை அதைச் சூழ்ந்து, நான்கு அல்லது ஆறு என்னும் எண்ணிக்கையில், வரையறுத்த திசைகளில் நின்று பற்றியிருக்கும் என்பது அவர் கூற்று. இத்தகைய பொருள்களை அணைவுச் சேர்மங்கள் என்கிறோம். இக்கண்டுபிடிப்புக்காக 1913ஆம் ஆண்டில் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலோகத்தின் கைகள் எத்திசையில் நீளும் என்பது தெரிந்துவிட்டால், விரும்பிய வடிவத்தில் மூலக்கூறுகளைக் கட்டலாம். நாம் இன்று பேசும் செய்தி முழுவதற்கும் அடித்தளம் இதுவே.

சித்தப்பாவுக்குச் செலுத்திய சிஸ்பிளாட்டினும் ஓர் அணைவுச் சேர்மமே. நடுவில் பிளாட்டினம், ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறு பக்கம் இரண்டு குளோரின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இத்தாலியரான பெய்ரோன் இதை ஆக்கிவிட்டார். ஆயினும் இது மருந்தாகும் என்று நூறாண்டுக்கு மேல் எவருக்கும் தோன்றவில்லை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்களின் மீது மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டு நீண்டு வளர்ந்தன. மின்சாரம் அதற்குக் காரணமன்று. மின்வாய்களாக வைத்த பிளாட்டினம் சிறிது கரைந்து சேர்மமாகியதே காரணம் என்பது தெரிய வந்தது. பிளவைத் தடுக்கும் பொருள் புற்றுநோயையும் தடுக்குமன்றோ? சோதனைகள் தொடர்ந்தன, 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது. அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர். விந்தகப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும் நோயாக மாறியதில் இம்மருந்தின் பங்கு பெரிது.

அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். உயிரணுவுக்குள் புகுந்ததும் குளோரின்கள் இரண்டும் கழன்றுவிடும். வெறுமையான அவ்விரு கைகளாலும் பிளாட்டினம், கயிற்றில் அடுத்தடுத்து நிற்கும் இரு குவானைன்களை இறுகப் பற்றிக்கொள்ளும். கயிறு அவ்விடத்தில் மடங்கிவிடும். படியெடுக்கும் வேலை தடைப்படும். ஆனால் குவானைன் புற்றுநோய் உயிரணுவில் மட்டுமா இருக்கிறது? நம் உடலின் எந்த டி.என்.ஏ.யிலும் இருக்கிறது. இம்மருந்து எழுத்தைப் பார்க்கிறதேயொழிய ஆளைப் பார்ப்பதில்லை. சிறுநீரகத்திலும் உட்செவியிலும் தங்கி அங்குள்ள உயிரணுக்களை வாட்டுகிறது. குடலின் உட்சுவரைத் தாக்க, அங்கிருந்து எழும் குறிப்பு மூளையை எட்டி வாந்தியைத் தூண்டுகிறது. சித்தப்பாவின் கேள்விக்கு முதற் பாதி விடை இது. மருந்துக்கு அவருடைய காதோடு பகை ஏதுமில்லை. அடையாளம் காணும் திறமைதான் அதற்கு இல்லை.

எழுத்து எங்கும் பொதுவாக இருக்குமானால், வேறு எதைக்கொண்டு இடத்தை அடையாளம் காண்பது? வடிவத்தைக்கொண்டு காணலாம் என்பதே புதிய வழி. டி.என்.ஏ. எப்போதும் நூல்களில் வரைந்து காட்டும் அந்த வலம்புரிக் கயிறாகவே இருப்பதில்லை. அவிழும்போதும், படியெடுக்கப்படும்போதும், நுனிகளிலும் அது வேறு வடிவங்களை எடுக்கக்கூடும். 1979ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ரிச் குழுவினர், இடம்புரியாக முறுக்கிய டி.என்.ஏ. உண்டு என்று படிகத்தின் வழியே காட்டினர். மூன்று கிளைகள் ஓரிடத்தில் கூடும் முச்சந்தி வடிவமும் உண்டு. இவற்றினும் மிகுதியாக ஆராயப்பட்டது நால்வடம். ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

நால்வடம் எப்படி உண்டாகிறது? குவானைன்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், நான்கு குவானைன்கள் ஒன்றையொன்று பற்றிச் சதுரமான ஒரு தட்டாக அமையும். அத்தகைய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நம் உடலில் இயல்பாகவே உள்ள பொட்டாசியம், தட்டுகளுக்கு இடையே நடுவில் அமர்ந்து அடுக்கைச் சரியாமல் காக்கும். 1962ஆம் ஆண்டில் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் என்னும் மூவர் இந்தச் சதுரத் தட்டின் அமைப்பை விளக்கினர். ஆயினும் இது சோதனைக் குழாயில் நிகழும் வேடிக்கையா, உயிருள்ள உடலிலும் நிகழ்வதா என்ற ஐயம் நெடுநாள் நீங்கவில்லை.

அந்த ஐயத்தை நீக்கியவர்களுள் முதன்மையானவர் சென்னையில் பிறந்தவர் என்பது, ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சங்கர் பாலசுப்பிரமணியன் 1966ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பயின்று அங்கேயே பேராசிரியரானார். டி.என்.ஏ.யின் எழுத்துகளை விரைவாகப் படிக்கும் முறையைக் கண்டவர்களுள் ஒருவராக உலகம் அவரை நன்கு அறியும். நால்வட ஆராய்ச்சியிலும் அவர் பெயர் முன்னிற்பது. 2013ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர், நால்வடத்தை மட்டும் பற்றும் ஒரு புரதத்தை ஆக்கி, அதைக் கொண்டு மனித உயிரணுக்களுக்குள் நால்வடங்கள் இருப்பதைக் கண்ணாரக் காட்டினர். டி.என்.ஏ. படியெடுக்கப்படும் வேளையில் அவை மிகுதியாயிருந்தன. 2016ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சிக் கூடம் மற்றொன்றையும் வெளியிட்டது. சாவின்றிப் பெருகிக்கொண்டே இருக்கும்படி மாறிவிட்ட தோல் உயிரணுக்களில் ஏறத்தாழ 10,000 இடங்களில் நால்வடங்கள் காணப்பட்டன. இயல்பான தோல் உயிரணுக்களில் அவை மிகக் குறைவே. நேயர்களே, மருந்து தேடுவோர்க்கு நம்பிக்கை தரும் வேறுபாடு இதுதான்.

வேறொரு காரணமும் உண்டு. கயிற்றின் நுனி பிரியாதிருக்க நாம் முடிச்சிடுவது போல, நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்னும் பகுதி உள்ளது. குவானைன் நிறைந்த ஆறெழுத்துத் தொடர் ஒன்று அங்கே ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்திற்கு மீண்டும் மீண்டும் வரும். உயிரணு பிளவுபடுந்தோறும் இந்நுனி சிறிது குறையும். மிகக் குறைந்தால் பிளவு நிற்கும். இயல்பான உயிரணுவுக்கு இஃது ஓர் எல்லைக் கோடு. பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்களோ டெலோமரேஸ் என்னும் நொதியைக் கொண்டு நுனியை வளர்த்துக்கொண்டு, எல்லையைக் கடந்துவிடுகின்றன. நுனியைப் பற்றியும் இந்நொதியைப் பற்றியும் ஆராய்ந்த பிளாக்பர்ன், கிரெய்டர், சோஸ்டாக் மூவரும் 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இந்நுனி நால்வடமாக மடிந்து இறுகி நின்றால் நொதியால் எளிதில் வேலை செய்ய இயலாது. ஆதலின், நால்வடத்தைத் தேடிச் சென்று அதை அவிழாமல் பிடித்துக்கொள்ளும் பொருள் வேண்டும்.

அத்தகைய பொருளை ஆக்க உலோகம் மிகவும் ஏற்றது. உலோகத்தை நடுவில் வைத்துத் தட்டையான ஒரு மூலக்கூறை அமைத்தால், அது நால்வடத்தின் மேல்தட்டில் சம்புடத்து மூடியைப் போலப் பொருந்தி அமரும். அகன்ற இம்மூடிக்கு அகன்ற சதுரத் தட்டே பொருத்தம்; குறுகிய இணைகளால் ஆன வழக்கமான கயிற்றில் அதற்கு அவ்வளவு நல்ல இடம் கிடைப்பதில்லை. நிக்கல், செம்பு ஆகியவற்றைக் கொண்டு இலண்டன் விஞ்ஞானிகள் ஆக்கிய இத்தகைய சேர்மங்கள் நால்வடத்தின் மேல் அமர்ந்திருக்கும் தோற்றத்தை 2012ஆம் ஆண்டில் படிக ஆராய்ச்சி காட்டிற்று. பொட்டாசியம் வரிசையாக நிற்கும் நடு அச்சுக்கு நேராகவே, அவற்றின் உலோகமும் வந்து அமர்ந்திருந்தது.

இதனினும் வியப்பானது, பல மூலக்கூறுகள் தாமே கூடி ஓருருவாகும் வகை. மூலக்கூறு கடந்த இரசாயனம் என்று இதைச் சொல்லலாம். இத்துறைக்கு வழிகாட்டிய லேன், கிராம், பெடர்சன் மூவரும் 1987ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். ஆடுவோர் சுற்றிச் சுற்றி வர, அவர்கள் கையிலுள்ள கயிறுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு சடையாக இறங்கும். அதைப் போலவே, மூன்று நீண்ட கரிம இழைகளையும் இரண்டு இரும்பு அயனிகளையும் தக்க கரைசலில் சேர்த்துவிட்டால், இழைகள் மூன்றும் இரும்புகளைச் சுற்றித் தாமே பின்னிக்கொண்டு ஒரு சிறு உருளையாகிவிடும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. இரும்பு தரும் நேர்மின்னேற்றம் எதிர்மின்னேற்றம் உடைய டி.என்.ஏ.யை நோக்கி அதை இழுக்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் மைக்கேல் ஹேனனும் அவருடன் பணிபுரிந்தோரும் ஆக்கிய உருளை இது. 2006ஆம் ஆண்டில் அவர்கள் பார்சிலோனா நகரத்து மிக்கேல் கோல் குழுவினரோடு சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோது, எதிர்பாராத காட்சி ஒன்று தென்பட்டது. டி.என்.ஏ.யின் மூன்று கிளைகள் கூடும் முச்சந்தியின் நடுவே, ஊர் முச்சந்தியில் பிள்ளையார் வீற்றிருப்பது போல, அந்த உருளை அமர்ந்திருந்தது. முச்சந்தியின் நடுவே உள்ள முக்கோணக் குழியும் மூவிழை உருளையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற் போலப் பொருந்தியிருந்தன. சிஸ்பிளாட்டினைப் போல எந்த எழுத்தையும் அது இறுகக் கட்டவில்லை. வடிவப் பொருத்தத்தாலேயே நிலைபெற்றது. படியெடுப்பின் போது கயிறு அவிழும் இடமும் கவை போலக் கிளைத்து நிற்பதால், இப்பொருத்தத்தில் மருத்துவப் பயன் இருக்கக்கூடும் என்று கருதுகின்றனர்.

2008ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் நிக்கலைக் கொண்டு இதே வகை உருளையை ஆக்கி, மனித டெலோமியர் நால்வடத்தோடு சேர்த்துப் பார்த்தனர். உருளையின் பின்னல் வலப்புறமாகவும் அமையலாம், இடப்புறமாகவும் அமையலாம். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று பிரித்து அறிபவர்கள் நாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, எடையும் ஒன்றே. ஆயினும் வலம்புரி உருளையே நால்வடத்தைத் தேர்ந்து பற்றிற்று. இடம்புரிக்கு அத்திறம் இல்லை. வலக்கைச் செருப்பு என்று ஒன்றில்லை. ஆனால் வலக்கால் செருப்பு இடக்காலுக்குச் சேராது என்பதைக் குழந்தையும் அறியும். அத்துணை நுட்பமான பொருத்தம் இங்கே செயற்படுகிறது.

உலோகச் சேர்மங்கள் பற்றுவதோடு நில்லாமல் ஒளியும் காட்டும். ருத்தீனியம் கொண்ட ஒரு சேர்மம் தண்ணீரில் இருண்டு கிடந்து, டி.என்.ஏ.யின் படிகளுக்கிடையே நுழைந்ததும் ஒளிர்வதை ஜாக்குலின் பார்ட்டன் அம்மையாரின் குழு 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. எந்த வடிவம் எங்கே இருக்கிறது என்று தேடுவோர்க்கு இத்தகைய விளக்குகள் உதவுகின்றன.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் எம். பழனியாண்டவர், செம்பு, ருத்தீனியம் ஆகியவற்றின் அணைவுச் சேர்மங்கள் டி.என்.ஏ.யைப் பற்றும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். மும்பையிலேயே, திலக் நகரிலிருந்து தொலைவில் இல்லாத பவாயில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியர் பி. ஐ. பிரதீப்குமார் குழுவினர் நால்வடத்தைப் பற்றும் மூலக்கூறுகளை ஆக்கி ஆராய்ந்துள்ளனர்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின், "இம்மருந்து எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழலாம். ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. வடிவம் பார்த்துப் பற்றும் இந்த உலோக உருளைகளில் எதுவும் இன்னும் மருத்துவமனையில் தரும் மருந்தாகவில்லை. சோதனைக் குழாயில் பொருத்தம் காண்பது முதற் படியே. உயிரணுவின் தோலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும். வழியில் புரதங்கள் பிடித்து நிறுத்தாதிருக்க வேண்டும். உலோகம் இடையிலே கழன்று நஞ்சாகாதிருக்க வேண்டும். நலமுள்ள உயிரணுக்களிலும் நால்வடங்கள் சில இருப்பதால், அவற்றுக்கு வரும் கேடு எவ்வளவு என்றும் அளக்க வேண்டும். வடிவத்தைத் தேர்ந்து பற்றுவது வேறு. நோயைத் தேர்ந்து பற்றுவது வேறு. முதலாவது கைக்கு எட்டியிருக்கிறது, இரண்டாவது இனிமேல்தான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "புதிய உலோக மருந்து வந்துவிட்டது" என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அதை நம்பி நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் கைவிட்டுவிடக் கூடாது. ஊரைவிட்டு வந்த இடத்தில், மொழி முழுதும் புரியாத மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அச்சத்தோடு அமர்ந்திருப்பவரை இத்தகைய சொற்கள் எளிதில் மயக்கும். வாந்தியைத் தணிக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன. காதில் இரைச்சல் தோன்றினால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் உரைக்க வேண்டும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவர் முடிவு செய்வார். பொறுத்துக்கொள்வதே வீரம் என்று சித்தப்பா முதலில் வாய் திறக்கவில்லை. கேட்ட பின்பே சொன்னார். சொன்ன பின்பே மருத்துவரும் அறிந்தார்.

சித்தப்பாவின் சிகிச்சை முடிந்தது. கட்டி கரைந்தது, காதின் இரைச்சல் மட்டும் முழுதும் நீங்கவில்லை. தெற்கே செல்லும் வண்டியில் அவரை ஏற்றிவிடச் சென்றபோது, அவர் கேட்ட கேள்விக்கு நாம் தெரிந்த அளவில் விடை சொன்னோம். "ஆக, இந்த மருந்துக்குக் கண் இல்லை; கண்ணுள்ள மருந்தைத் தேடுகிறார்கள், அப்படித்தானே?" என்றார். ஆம் என்றோம். "எனக்குப் பிறகு வருகிறவனுக்காவது அது கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னும் திலக் நகருக்கு வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பையும் அச்சமும் சுமந்து இறங்குவோரும் இருக்கின்றனர். ஆராய்ச்சிக் கூடங்களில் நடக்கும் இந்தத் தேடல் அவர்களுக்காகவே. அது நிறைவேறும் வரை, வருவோர்க்கு ஒரு வேளைக் கஞ்சியும், மருத்துவமனைக்கு வழித்துணையும், மொழி தெரியாதவர்க்கு நம் மொழியில் நாலு சொல்லும் தருவது, முன்னரே வந்து குடியேறிய நம் கடமையாகும்.